இரண்டாம் தடவைக்கு எழுதுவது

பனிமலை அடிவாரத்தில் ஒரு விடுதி. பனிச்சறுக்கு விளையாட வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். வெளியே புயல், வழி அடைபட்டுவிட்டது. ஓர் அறையில் பிணம் கிடக்கிறது. துப்பறியும் கதை படித்துப் பழகிய யாருக்கும் இந்தத் தொடக்கம் புதிதில்லை. 1994இல் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவிக்கு வந்த 'காமாயிதாச்சி நோ யோரு' இதற்குப் பிறகு செய்வதுதான் புதிது. ஒரு கட்டத்தில் கதை நின்றுவிடுகிறது. கொலைகாரனின் பெயரை நாமே எழுத்து எழுத்தாக உள்ளிட வேண்டும். சீக்கிரம் சரியாகச் சொன்னால் மற்றவர்கள் பிழைப்பார்கள். சொல்லத் தெரியாவிட்டால் கதை அதுபாட்டுக்கு நகரும், அடுத்த பிணம் விழும், அதற்கடுத்ததும் விழும். கடைசியில் விடுதியில் பேச ஆளிருக்காது.

முதல் தடவை விளையாடுகிற யாருக்கும் பெயர் தெரியாது. எல்லாரையும் சாகக் கொடுத்துவிட்டு, மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறோம். அதே இரவுச் சாப்பாடு, அதே அரட்டை, அதே ஆட்கள். ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படிக்கிறோம். இதை எழுதிய அபிகோ தாகெமாரு துப்பறியும் நாவலாசிரியர். பாத்திரங்களுக்கு முகமே கிடையாது. எல்லாரும் நீல நிற நிழலுருவங்கள். முகத்தைப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வழியில்லை, பேச்சைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

விஷுவல் நாவல் என்று இன்று உலகம் சொல்லும் வடிவம் பார்க்க எளிமையானது. பின்னணியில் ஒரு படம், அதன் மேல் நிற்கும் ஆள், கீழே ஒரு பெட்டியில் இரண்டு மூன்று வரி. தொட்டால் அடுத்த வரி. எப்போதாவது இரண்டு மூன்று தெரிவுகள் வந்து, எதைச் செய்யப் போகிறாய் என்று கேட்கும். நீளமானவை ஐம்பது மணி நேரத்தையும் தாண்டும். அதில் பெரும்பகுதி வாசிப்புதான். இதற்குக் கதை போட உட்காருகிறவர்கள் அநேகமாக எல்லாருமே முதலில் கிளைகளை எண்ண ஆரம்பிக்கிறார்கள். இந்த வடிவத்தின் நாற்பது வருடச் சாதனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவற்றை எழுதியவர்களின் கவலையெல்லாம் வாசகருக்கு எது எப்போது தெரிய வேண்டும், தெரிந்த பிறகு எந்தக் காட்சிக்கு அவரைத் திரும்ப அழைத்துவர வேண்டும் என்பதில்தான் இருந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கவலையின் வரலாறு.

கிளைகளை எண்ணுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் என் வீட்டுத் தரையிலேயே பார்த்தேன். அக்கா மகனும் அவனோடு கல்லூரியில் படிக்கும் இரண்டு பேரும் ஒரு சார்ட் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கதையில் சென்னையில் வேலை பார்க்கும் ஒருவன், அப்பத்தா இருக்கும் கிராமத்து வீட்டை விற்பதற்காக மூன்று நாள் விடுப்பில் ஊருக்கு வருகிறான். ஒவ்வொரு காட்சி முடிவிலும் மூன்று தெரிவு என்று வைத்திருந்தார்கள். முதல் காட்சிக்குப் பின் மூன்று, அப்புறம் ஒன்பது, இருபத்தேழு, எண்பத்தொன்று. நாலாவது அடுக்கில் சார்ட் பேப்பர் முடிந்துவிட்டது, இன்னொன்றை ஒட்டியிருந்தார்கள். ஐந்தாவது அடுக்கில் 243 காட்சி வரும், மொத்தம் 364 எழுத வேண்டும், அதில் ஒரு வாசகர் ஒரு தடவையில் படிக்கப்போவது ஆறே ஆறு. "அப்ப மிச்சம் எழுதுறதெல்லாம் யாருக்கு மாமா?" என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வியை இந்த வடிவத்தில் கைவைத்த எல்லாரும் ஒருநாள் கேட்டிருக்கிறார்கள்.

அச்சுப் புத்தகத்திலும் இந்தத் தொல்லை இருந்தது. எட்வர்ட் பேக்கார்டின் 'தி கேவ் ஆஃப் டைம்' 1979இல் வந்தது. பக்கத்தின் அடியில் தெரிவு கொடுத்து வேறு பக்கத்துக்குத் தாவச் சொல்லும் சிறுவர் நூல் வரிசையில் முதலாவது அது. பிரிந்துகொண்டே போகும், கூடுவது அரிது. தெரிவை வைத்துக் கதை சொல்லும் முறைகளை வகைப்படுத்தி 2015இல் சாம் காபோ ஆஷ்வெல் எழுதிய கட்டுரை, இப்படிக் கட்டுக்கடங்காமல் விரியும் அமைப்புக்கு அந்தப் புத்தகத்தை வைத்தே காலக்குகை என்று பெயர் சூட்டியது. அவர் சொல்லும் இன்னொரு வகையில் கிளைகள் பிரிந்து, ஒரு கழுத்தில் வந்து கூடி, மறுபடி பிரியும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமுமாகப் பிரிந்த தண்ணீர் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிவந்து கல்லணைப் பக்கம் நெருங்குகிறதே, அதுபோல. விஷுவல் நாவல்களில் பெரும்பான்மை இந்த இரண்டாம் வகையின் உறவுக்காரர்கள்தான். எழுதும் உழைப்பைக் கட்டுக்குள் வைக்க இதைவிட நல்ல வழி யாருக்கும் கிடைக்கவில்லை.

ஜப்பானில் இதன் முன்னோடி என்று எல்லாரும் சொல்வது, யூஜி ஹோரி 1983இல் எழுதிய கோபே நகரத்துக் கொலை விசாரணை விளையாட்டான 'போர்ட்டோப்பியா'. கணினியில் அது கட்டளைகளைத் தட்டச்சு செய்து விளையாடுவதாக இருந்தது. 1985இல் விசைப்பலகை இல்லாத ஃபேமிகாம் விளையாட்டுக் கருவிக்குக் கொண்டுவந்தபோது கட்டளைகளைப் பட்டியலாக்கித் திரையில் வைத்தார்கள். 'டிராகன் குவெஸ்ட்' செய்து பிற்பாடு பெரும்புகழ் அடைந்தவரும் அதே ஹோரிதான். சுன்சாஃப்ட் நிறுவனம் 1992இல் 'ஒதொகிரிசோ'வைக் கொண்டுவந்து, ஒலிநாவல் என்று புதுப்பெயர் வைத்தது. திரை முழுக்க எழுத்து, பின்னால் இருட்டு வீடு, மழைச் சத்தம், கதவுச் சத்தம். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி தொடங்கினால் முன்பு இல்லாத தெரிவுகள் முளைத்திருக்கும். நான் முதலில் சொன்ன விடுதிக் கதை இதற்கு அடுத்து வந்தது.

லீஃப் நிறுவனம் 1996இல் 'ஷிசுகு'வை வெளியிட்டுத் தன் வரிசைக்கு விஷுவல் நாவல் என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர்தான் இன்று மொத்த வடிவத்துக்கும் நிற்கிறது. லீஃப் போன்ற நிறுவனங்கள் அன்று பிழைத்தது பெரியவர்களுக்கான பாலியல் விளையாட்டுச் சந்தையில் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தைதான் கதையின் எலும்புக்கூட்டையும் வடித்தது. பொதுப்பாதை என்று ஒன்று. அதில் ஐந்தாறு பெண்கள் அறிமுகமாவார்கள். யாரோடு நேரம் செலவிட்டோம் என்பதைப் பொறுத்து அவளுக்கான தனிப்பாதைக்குள் கதை இறங்கிவிடும். இந்த அமைப்பில் எனக்கு நெடுநாளாக ஒரு உறுத்தல் உண்டு. ஒருத்தியைத் தேர்ந்தவுடன் மற்றவர்களின் துயரங்கள் காற்றில் கரைந்துவிடுகின்றன. நோயிலிருந்தவள் என்ன ஆனாள், வீட்டைவிட்டு ஓடிவந்தவள் எங்கே போனாள் என்று கதை திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவருக்கு உதவினால் இன்னொருவர் கைவிடப்படுவார் என்பதைக் கதையின் வலியாகவே ஆக்கியிருக்கலாம். பலர் அதை வசதியாக மறந்தார்கள். கீ நிறுவனத்தின் 'கிளன்னாட்' (2004) இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு பாதையை முடிக்கும்போதும் ஒளித்துளி ஒன்று கிடைக்கும். அவற்றைச் சேர்த்த பிறகுதான் கடைசிக் கதை அதன் உண்மையான முடிவுக்குப் போகும். மற்றவர்களுக்காகச் செலவழித்த மணிகள் வீணாகவில்லை.

பாதைகளை ஒன்றோடொன்று பேசவைத்த முதல் பெரிய முயற்சி ஹிரோயுகி கன்னோ 1996இல் செய்த 'யூ-நோ'. அதில் கிளைகளின் வரைபடத்தையே நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கதாநாயகனிடம் சில மணிக்கற்கள் உண்டு. எந்த இடத்துக்குத் திரும்பிவர நினைக்கிறோமோ அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகலாம். ஒரு பாதையில் கிடைத்த பொருளை எடுத்துக்கொண்டு கல் இருக்கும் இடத்துக்குத் தாவி, வேறொரு பாதையில் அதைப் பயன்படுத்தலாம். கதைக்கு வெளியே, எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக இருந்த 'சேவ்' வசதியை அவர் கதைக்குள் பொருளாக்கிவிட்டார்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தியைச் சொல்ல வேண்டும். அநேகமாக எல்லா விஷுவல் நாவலிலும் 'படித்ததைத் தாண்டு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எந்தெந்த வரியை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம் என்று நிரலுக்குத் தெரியும். அவற்றை வேகமாக ஓடவிட்டு, புதுவரி வந்ததும் நின்றுவிடும். சாதாரண வசதிதான். ஆனால் புத்தகத்துக்கு இது தெரியாது. நான் 'மோகமுள்' எத்தனையாவது தடவை படிக்கிறேன் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. தன் வாசகர் எதைப் படித்திருக்கிறார் என்று தெரிந்த கதை, அதற்கேற்பக் கதவுகளைத் திறக்கவும் மூடவும் முடியும். இந்த வடிவத்தின் முதுகெலும்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை மிகக் கறாராகப் பயன்படுத்தியவர் கினோகோ நாசு. டைப்-மூன் குழு 2004இல் வெளியிட்ட அவருடைய 'ஃபேட்/ஸ்டே நைட்'டில் மூன்று பாதைகள் உண்டு. எதை வேண்டுமானாலும் முதலில் படிக்க முடியாது. வரிசை பூட்டப்பட்டிருக்கிறது, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். மூன்றிலும் அதே இளைஞன் ஷிரோ, அதே நகரம், அதே இரண்டு வாரப் போர். எல்லாரையும் காப்பாற்றும் நீதிமானாக வேண்டும் என்பது அவன் கனவு. முதல் பாதை அந்தக் கனவை நம் முன் வைக்கிறது. இரண்டாவது பாதை, அதே கனவைப் பின்பற்றிப் போய்க் கசந்துபோன ஒருவனை அவன் எதிரே நிறுத்துகிறது. மூன்றாவது பாதையில் ஒரே ஒருத்திக்காக அந்தக் கனவைத் தூக்கி எறியச் சொல்லிக் கேட்கிறது கதை. வரிசையை மாற்றினால் இந்த வழக்கு நிற்காது. இலியா என்ற சிறுமிக்குத் தனிப்பாதை ஒன்றும் முதலில் திட்டத்தில் இருந்தது. நீளம் தாங்காமல் அதன் சரக்கை மூன்றாம் பாதைக்குள் கரைத்துவிட்டார்கள். வெட்டியதால் மூன்றாம் பாதை கனத்துக் கொஞ்சம் திணறுகிறது என்பது உண்மை. வெட்டாமல் விட்டிருந்தால் மூன்று படியில் ஏறும் அந்த விவாதம் நாலாவது படியில் தடுமாறியிருக்கும்.

அந்த விளையாட்டில் நான் மறக்காதது போர்க் காட்சி எதுவும் அல்ல, காலைச் சமையல். சகுரா என்ற பெண் ஷிரோவின் வீட்டுக்கு வந்து சமைக்க ஒத்தாசை செய்வாள். மூன்று பாதையிலும் தொடக்கத்தில் இது வரும். சோறு, சூப், மீன், மெதுவான பேச்சு. முதல் பாதையில் இதை வீட்டுச் சூழலைக் காட்ட எழுதிய காட்சி என்று தாண்டிப்போகிறோம். பாதை நடுவிலேயே அவள் ஓரத்துக்குப் போய்விடுகிறாள், நாமும் மறந்துவிடுகிறோம். அறுபது எழுபது மணி நேரத்துக்குப் பிறகு மூன்றாம் பாதையில் அவள் எந்த வீட்டிலிருந்து எழுந்து வருகிறாள் என்று தெரிகிறது. அப்போது முதல் பாதையின் அந்தச் சமையல்கட்டு நினைவுக்கு வந்து நெஞ்சை அடைக்கிறது. நாசு அங்கே புதிதாக ஒன்றும் எழுதவில்லை. நம் மறதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

தெரிவே இல்லாமல் இதைச் சாதிக்க முடியுமா? ரியூகிஷி07 என்ற புனைபெயரில் எழுதுகிறவர் முடியும் என்று காட்டினார். 2002 கோடையில் டோக்கியோவின் கொமிக்கெட் சந்தையில் 'ஹிகுராஷி நோ நாகு கோரோ நி'யின் முதல் பகுதியை விற்றார். எழுத்தும் அவரே, ஓவியமும் அவரே. படங்களில் கைகள் கோணல்மாணலாக இருக்கும். பின்னணி எல்லாம் வடிகட்டி போட்ட புகைப்படங்கள். 1983 ஜூன் மாதம், ஹினமிசாவா என்ற மலைக்கிராமம், ஊர்த் திருவிழா, அதையொட்டி ஒரு சாவு, ஒரு மறைவு. தொட்டுத் தொட்டுப் படிப்பதைத் தவிர வாசகர் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் முதல் பகுதி முடிந்து இரண்டாம் பகுதியைத் திறந்தால் அதே ஜூன் மாதம், செத்தவர்கள் உயிரோடு, கதை வேறு பக்கம் போகிறது. நான்கு பகுதிகள் கேள்வி, நான்கு பகுதிகள் விடை, 2006 வரை. கிளைகள் எல்லாவற்றையும் அவரே வரிசையாக நடந்து காட்டினார் எனலாம்.

இடைப்பட்ட மாதங்களில் வாசகர்கள் கூடிக் கூடி யார் கொலையாளி, எது பொய் என்று வாதாடினார்கள். விளையாட்டு நடந்தது அங்கேதான். வாரப் பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று திண்ணையில் வாதாடிய தலைமுறையின் பேரன் பேத்திகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொடர்கதைக்குத் திட்டம் போடத் தெரிந்த ஊர் நம்முடையது. 'ஹிகுராஷி'யில் ஒவ்வொரு பகுதியின் முதல் பாதியும் பள்ளிப் பிள்ளைகள் சீட்டாடுவதும் கேலி பேசுவதுமாக இழுக்கிறது என்று பலர் குறைபட்டார்கள். முதல் பகுதியில் எனக்கும் அலுப்புத் தட்டியது. மூன்றாவது பகுதிக்கு வந்தபோது அந்தச் சீட்டாட்டத்துக்காக மனம் ஏங்கியது, ஏனென்றால் அது முடிந்தால் என்ன தொடங்கும் என்று தெரிந்துபோயிருந்தது.

சுன்சாஃப்ட் 1998இல் 'மாச்சி' என்ற விளையாட்டில் டோக்கியோவின் ஷிபுயாவில் எட்டுப் பேரின் ஐந்து நாட்களை ஒன்றாகப் பின்னியது. 2008இல் வந்த '428' அதை ஐந்து பேர், ஒரே நாள், காலை பத்திலிருந்து இரவு எட்டு என்று இறுக்கியது. ஹாச்சிக்கோ நாய்ச் சிலையருகே ஆள்கடத்தல் பணம் கைமாறக் காத்திருக்கும் காவலர்களோடு தொடங்கும். ஒருவர் எடுக்கும் சின்ன முடிவு, அவர் பார்த்தேயிராத இன்னொருவரை அரை மணி நேரத்தில் கொன்றுவிடும். செத்தவரின் கதையிலிருந்து வெளியே வந்து, காரணமானவரின் கதைக்குள் போய், அந்த முடிவை மாற்ற வேண்டும். இதைத் திட்டமிடக் கிளைமரம் உதவாது. ரயில்வே கால அட்டவணை மாதிரி ஒன்று வேண்டும். குறுக்கே மணி, நெடுக்கே ஆள், கட்டத்துக்குள் அவர் அப்போது நிற்கும் இடம். ஒரு கட்டத்தை நகர்த்தினால் மற்ற நாலு வரிசையும் ஆடும்.

கோதாரோ உச்சிகோஷி 2009இல் எழுதிய '999'இல் மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலுக்குள் ஒன்பது பேர் அடைபட்டிருக்கிறார்கள். ஒரு முடிவில் நமக்குத் தெரிந்த தகவல் இன்னொரு பாதையில் கதாநாயகனுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வியை அவர் கதையின் மையமாகவே வைத்தார். அதற்குமேல் சொன்னால் படிக்காதவர்களுக்குத் துரோகம். அதே 2009இல் வந்த 'ஸ்டைன்ஸ்;கேட்' தெரிவுப் பட்டியலையே எடுத்துவிட்டது; கதாநாயகனின் கைப்பேசிக்கு வரும் மின்னஞ்சலில் எந்தச் சொல்லைத் தொட்டுப் பதில் எழுதுகிறோம் என்பதில் முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. நாம் முடிவெடுத்தோம் என்பதே நமக்குத் தெரியாது.

பெரிய நிறுவனம் இல்லாதவர்கள் கைக்கு இந்த வடிவம் வந்தது ரென்பை என்ற இலவசக் கருவியால். டாம் ரோதமெல் அதை 2004இல் வெளியிட்டார். ஜப்பானிய மொழியில் காதலைக் குறிக்கும் ரென்ஐ என்ற சொல்லையும் பைத்தான் நிரல்மொழியின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். எழுதுகிறவர் யார் பேசுகிறார் என்று குறித்துவிட்டு மேற்கோளுக்குள் வசனத்தை எழுதினால் போதும். 2012இல் வந்த 'கதாவா ஷோஜோ'வும், 2017இல் டான் சல்வாட்டோ வெளியிட்டுப் பெரும் பரபரப்பான 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்'பும் ரென்பையில் செய்யப்பட்டவை. பல நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர்கள் இணையத்தில் கூடி 'கதாவா ஷோஜோ'வைச் செய்தார்கள். மாற்றுத்திறன் கொண்ட ஐந்து பெண்கள், ஐந்து பாதைகள், பாதைக்கு ஓர் எழுத்தாளர். பாதை மாறும்போது நடை மாறுவது தெரிகிறது, கதாநாயகன் ஹிசாவோவே ஒரு பாதையில் நிதானமானவனாகவும் இன்னொன்றில் முரடனாகவும் இருக்கிறான். கூட்டாக எழுத உட்காருகிறவர்கள் பாதையைப் பங்கிடுவதற்கு முன்னால், கதாநாயகன் கோபம் வந்தால் என்ன செய்வான் என்பதிலாவது ஒத்துப்போக வேண்டும்.

இனி எழுதும் மேசைக்கு வருவோம். திட்டத்தில் முதலில் தேவைப்படுவது ஒரு கட்டம் போட்ட தாள் என்பது என் எண்ணம். குறுக்கே காட்சிகள், நெடுக்கே பாத்திரங்கள், கட்டத்துக்குள் 'இந்த நேரத்தில் இவருக்கு என்ன தெரியும்' என்ற ஒரு வரி. கடைசி வரிசை வாசகருக்கு. முதல் தடவை வாசகர், இரண்டாம் தடவை வாசகர் என்று அதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. நிரல் எழுதுகிறவர்கள் இதையே கொடி என்பார்கள்: கதவைத் திறந்தானா, ஆம், கடிதத்தைப் பார்த்தானா, இல்லை. ஜப்பானில் இந்தச் சொல் விளையாட்டிலிருந்து இறங்கித் தெருப்பேச்சுக்கே வந்துவிட்டது. படத்தில் ஒருவன் 'இந்தச் சண்டை முடிஞ்சதும் கல்யாணம்' என்று சொன்னால் அவனுக்குச் சாவுக்கொடி ஏறிவிட்டது என்பார்கள். நம் படங்களில் ஓய்வுபெற ஒரு நாள் பாக்கியிருக்கும் ஏட்டைப் பார்த்ததும் நமக்குத் தெரிந்துவிடுகிறதே, அதேதான்.

பொதுப்பாதையை எழுதுவதுதான் கடினம். அனுபவமில்லாதவர்கள் அதை முதலில் அவசரமாக எழுதி முடிப்பார்கள். பிரிந்துபோகும் எல்லாப் பாதைக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும். ஒரு பாதையில் பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர், இன்னொன்றில் திருடர் என்றால், பொதுப்பாதையில் அவர் பேசும் ஒவ்வொரு வரியையும் நல்லவரும் பேசலாம், திருடரும் பேசலாம் என்று எழுத வேண்டும். ஆகவே கடைசிப் பாதையை ஒரு தடவை முழுக்க எழுதிப் பார்த்துவிட்டுப் பொதுப்பாதைக்குத் திரும்புவதே சரி என்று எனக்குப் படுகிறது. வேதாளம் ஒவ்வொரு கதையையும் விக்கிரமாதித்தன் பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்வியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். கதையைக் கட்டியவருக்கு அந்தக் கேள்வி முதலிலேயே தெரிந்திருக்கிறது. அதற்கு ஏற்றபடிதான் நடுவில் அரசனும் திருடனும் வருகிறார்கள்.

எழுத்தின் அளவை ஜப்பானில் பக்கத்திலோ சொல்லிலோ கணக்கிடுவதைவிடக் கோப்பின் எடையில் கணக்கிடும் வழக்கம் உண்டு. பழைய குறியாக்கத்தில் ஒரு ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு பைட்; ஆகவே ஒரு மெகாபைட் கதை என்றால் ஏறத்தாழ ஐந்து லட்சம் எழுத்து. தமிழுக்கு இந்தத் தராசு ஒத்துவராது. இன்றைய குறியாக்கத்தில் 'க' மூன்று பைட், 'கி' ஆறு. எடையைப் பார்த்து நீளமாக எழுதிவிட்டோம் என்று மயங்கக் கூடாது.

நாவல் எழுதிப் பழகிய கைக்குப் பெட்டி ஒரு தண்டனை. மூன்று வரிக்குள் முடிக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும். 'போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்' ஒன்றே ஒரு வரியில் பாதியை விழுங்கிவிடும். ஆனால் அந்தப் பெட்டி ஒரு வரமும் தருகிறது. அடுத்த வரி எப்போது வரும் என்பது வாசகரின் விரலில் இருக்கிறது. 'அப்பா நேத்து' என்று ஒரு பெட்டியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த பெட்டியில் வைத்தால், அந்தத் தொடுதல் நேரத்துக்கு வாசகர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். 'என்று சிரித்தாள்' தேவையில்லை. முகம் மேலே சிரித்துக்கொண்டு நிற்கிறது. வாய் 'சந்தோஷம்' என்று சொல்லும்போது முகம் வாடியிருக்கலாம். எழுத்தும் படமும் ஒன்றையே சொன்னால் ஒன்று வீண். எத்தனை முகபாவம் வரைய முடியும், எத்தனை இடம் வரைய முடியும் என்பதை எழுதுமுன் ஓவியரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும். இருபது இடத்தில் நடக்கும் கதையை ஐந்து இடத்துக்குச் சுருக்கினால் பெரும்பாலும் கதை கெடுவதில்லை. அதே திண்ணை நாலு தடவை வரும்போதுதான் அது திண்ணையாகிறது.

தெரிவை எங்கே வைப்பது என்பதில் தமிழுக்கு ஒரு வாய்ப்பு கையில் இருக்கிறது. ஜப்பானியக் காதல் கதைகளில் பெயரோடு ஒட்டும் மரியாதைச் சொல்லை விட்டுவிட்டு வெறும் பெயரால் முதல் தடவை அழைக்கும் நேரம் பெரிய திருப்பம். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே தவிப்பார்கள். நமக்கோ 'வாங்க'வும் 'வா'வும் இருக்கிறது. பத்து வருடம் கழித்துப் பார்க்கும் பள்ளித் தோழியை வாசலில் கண்டதும் 'எப்ப வந்தே?' என்பதா, 'எப்ப வந்தீங்க?' என்பதா? இரண்டே தெரிவு. அடுத்த மூன்று காட்சிகளையும் அந்த ஒரு விகுதி தூக்கிச் சுமக்கும். கத்தியை எடுப்பதா விடுவதா என்று கேட்கும் தெரிவைவிட இது எனக்குக் கனமாகத் தெரிகிறது.

தமிழ் வாழ்க்கையை வைத்து உலகம் கவனித்த விளையாட்டு ஒன்று வந்தும்விட்டது. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். தூய விஷுவல் நாவல் என்று சொல்ல முடியாது. சமையல் புதிர்களுக்கு நடுவே வசனமும் சில தெரிவுகளும் வரும். பாதைகள் பிரிந்து பெருகுவதில்லை, வருடங்கள் ஒரே கோட்டில் போகின்றன. வெண்பாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்புப் புத்தகம் அங்கங்கே அழிந்துபோயிருக்கிறது. முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்று, அழிந்த வரியை நாம்தான் ஊகிக்க வேண்டும். 2024இல் பாஃப்டா அதற்கு முதல் விளையாட்டுக்கான விருதைக் கொடுத்தது. அதில் நான் கற்றுக்கொண்டது தெரிவைப் பற்றி: அம்மா கேட்டதற்கு மகன் பதில் சொல்ல எதைத் தேர்ந்தாலும் கதை அநேகமாக அதே இடத்துக்குத்தான் போகிறது. ஆனாலும் தேர்ந்த அந்தப் பதில் நம் வாயிலிருந்து வந்தது போலச் சுடுகிறது.

அக்கா மகன் மறுபடி வந்தபோது சார்ட் பேப்பர் இல்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. மூன்று பாதைகளாகக் குறைத்திருந்தார்கள். வீட்டை விற்றுவிடுவான், விற்காமல் திரும்புவான், மூன்றாவதில், அப்பத்தா கைரேகை வைத்து ஏற்கெனவே முன்பணம் வாங்கிவிட்டது தெரியவரும். பேரனுக்குச் சொல்ல மனம் வராமல் அவள் மூன்று நாளும் மறைத்திருக்கிறாள். முதல் இரண்டு பாதையையும் முடித்தால்தான் மூன்றாவது திறக்கும். கடைசி நாள் காலையில் அப்பத்தா கொல்லையிலிருந்து ஒரு முருங்கைப் போத்தை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, 'மெட்ராஸ்ல மொட்டமாடியில தொட்டியில வச்சுப் பாருடா' என்று பேரன் பையில் செருகுவாள். படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அவர்கள் மூவருக்குள் அதை வைத்துத்தான் சண்டை. கடைசியில் வைத்தால் அழவைக்கும் என்றான் ஒருவன். அப்படி வைத்தால் ஒரு தடவைதான் அழுவார்கள் என்றான் அக்கா மகன்.

பேசிப் பேசி, அவன் அந்தப் பக்கத்தைக் கிழித்து நோட்டின் முன்பக்கத்தில் ஒட்டினான். இப்போது அது முதல் நாள், பொதுப்பாதை. பேரன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைகிறான். விற்பது பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை. அப்பத்தா கொல்லையில் அரிவாளோடு நின்றுகொண்டிருக்கிறாள், காலடியில் ஈரச்சாக்கு. "வந்துட்டியாடா, இரு, இந்தப் போத்த வெட்டிட்டு வந்துர்றேன்" என்கிறாள். அடுத்த பெட்டியில் அவன் பையை இறக்கிவைக்கிறான்.